சிப் இல்லாத பாஸ்போர்ட்டும் 30,000 ரூபாயும்: ஒரு லண்டன் ஏஜென்ட் சேவைக்கு ஹட்டன் டீச்சர் போட்ட மார்க்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். 33 வருடம் பேப்பர் திருத்திய கை, வேறு எப்படி ஆரம்பிக்கும்? என் அடையாளத்தைச் சரிபார்த்துக் கொடுத்த லண்டன் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் பத்துக்கு ஏழு. குறைந்த மூன்றில் ஒன்று அவர்கள் அனுப்பிய தமிழ்த் தாளுக்கு, மற்ற இரண்டும் பொங்கலுக்கு முதல் நாள் என்னை ஓடவிட்டதற்கு. எல்லாம் கீழே வருகிறது.

நான் ஒரு இங்கிலாந்துக் கம்பனியின் பணிப்பாளர். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படிப்பித்து, இப்போது ஹட்டனில் பென்ஷனோடு இருப்பவள். மகன் லெஸ்டரில் தேயிலை, கறுவா, மிளகு எல்லாம் பக்கெட் போட்டு விற்கிறான். கம்பனி தொடங்கும்போது என் பணிக்கொடைக் காசில் ஒரு பங்கு கொடுத்தேன். "காசு போட்டா பேரும் போடணும்லம்மா" என்று நூற்றுக்கு 40 பங்கை என் பேரில் எழுதி, டைரக்டராகவும் போட்டுவிட்டான். அதோடு நான் அதை மறந்தும் போனேன். வருடத்துக்கு ஒரு தடவை எதற்கோ "சரி" என்று வாட்ஸப்பில் பதில் போடுவேன், அவ்வளவுதான் என் பணிப்பாளர் வேலை.

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிறு அவன் எடுத்து, "அம்மா, நீங்க நீங்கதான்னு நிரூபிக்கணும்" என்றான்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் அதுவரை யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் போட்டுக் கம்பனி பதியலாம், ஆளைச் சரிபார்ப்பது கிடையாது. அடுத்தவர் பெயரிலும் முகவரியிலும் கம்பனி திறந்து கள்ளக் காசு ஓட்டியவர்கள் நிறைய. அதைத் தடுக்க 2023இல் பொருளாதாரக் குற்றம் மற்றும் கம்பனி வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதன்படி 2025 நவம்பர் 18 முதல் பணிப்பாளர்கள் எல்லோரும் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் சேர முதலே செய்ய வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு வருட இடைக்காலம் உண்டு, ஆனால் அதற்குள் கம்பனியின் வருடாந்த உறுதிப்படுத்தல் அறிக்கை எப்போது வருகிறதோ அப்போது செய்தாக வேண்டும். செய்யாமல் பணிப்பாளராகத் தொடர்வது குற்றம். அங்கே கம்பனிகளைப் பதியும் அரசாங்க அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸின் கணக்குப்படி 60 முதல் 70 லட்சம் பேர் இதைச் செய்ய வேண்டும். எங்கள் கம்பனியின் அறிக்கைத் தேதி ஜனவரி 3.

இதைச் செய்ய இலவச வழியும் இருக்கிறது. அரசாங்கத்தின் வன் லொகின் செயலி. மகன் அவனுடைய பாஸ்போர்ட்டை வைத்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டான். எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும் பரவாயில்லை, சிப் இருந்தால் சரி என்றான். அட்டையின் முன்பக்கத்தில் தங்க நிறத்தில் சின்னப் பெட்டி, நடுவில் ஒரு வட்டம் இருக்கும், அதுதான் அடையாளமாம். என்னுடையதை அலுமாரியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிங்கம் இருக்கிறது, பெட்டியைக் காணோம். பிரிட்டன் சாரதிப் பத்திரம், அங்கத்தைய வதிவிட அட்டை, இதெல்லாமும் இருந்தால் செய்யலாமாம். ஹட்டனில் இருக்கிற எனக்கு அதெல்லாம் ஏது?

ஆகவே மிச்சம் இருந்த வழி, அங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் மூலம் செய்வது. கணக்காளர்கள், சட்டத்தரணிகள், கம்பனி பதிந்து கொடுப்பவர்கள் எல்லாம் இதற்கென்று கம்பனீஸ் ஹவுஸில் தனியாகப் பதிந்திருக்க வேண்டும், பணச் சலவைத் தடுப்பு மேற்பார்வைக்குள்ளும் இருக்க வேண்டும். பதியாதவர் சரிபார்த்தால் செல்லாது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. முதலில் எங்களுக்கு வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 25 பவுண், ஒரே நாளில் முடியும், பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று. எனக்கு ஆசைதான், 25 பவுண் என்றால் பத்தாயிரம் ரூபாய்ச் சொச்சம். மகன் அந்தப் பெயரைக் கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் தேடிப் பார்த்தான். அப்படி ஒரு ஏஜென்ட் இல்லை. கேட்டதற்கு "பதிவு போய்க்கொண்டிருக்கிறது" என்று பதில். விட்டுவிட்டோம். நல்லவேளை நான் படம் அனுப்பவில்லை.

அப்புறம்தான் கிழக்கு லண்டனில் இந்தத் தமிழ்க் கணக்காளர் அலுவலகம் கிடைத்தது. 75 பவுண். நம்ம காசுக்கு 30,000 ரூபாய். பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், சின்ன அலுவலகம், பாவம். அங்கே என் வேலையைப் பார்த்தது ஒரு பிள்ளை. யாழ்ப்பாணப் பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை "அன்ரி". நான் "மகள்" என்று கூப்பிட, இரண்டாவது நிமிடத்திலேயே சொந்தமாகிவிட்டோம்.

காசு கொடுத்ததற்கு உண்மையான பலன் அந்த முதல் தொலைபேசிப் பேச்சுதான். 40 நிமிடம் பேசினாள். அதில் பாஸ்போர்ட்டைப் படம் எடுப்பது பற்றி ஐந்து நிமிடம்கூட இல்லை. முழுக்க முழுக்கப் பெயர்.

"அன்ரி, பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே எழுத்தெழுத்தா வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். "இப்ப கம்பனீஸ் ஹவுஸில உங்கட பேர் என்னெண்டு இருக்கு தெரியுமோ?" என்று அவள் வாசித்தாள். அது வேறு யாரோ ஒரு அம்மா.

மலையகத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் பிறப்புப் பதிவில் 'லெச்சிமி'. அப்பா வாயால் சொன்னதை எழுதியவர் காதில் விழுந்த மாதிரி எழுதிக்கொண்டது. அடையாள அட்டையில் சிங்களத்தில் இருப்பதை வாசித்தால் 'லெச்சுமி'. ஆசிரியர் நியமனக் கடிதத்தில் 'லட்சுமி', கல்வித் திணைக்களத்துக்குத் தமிழ் தெரியும் அல்லவா. பாஸ்போர்ட் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எடுத்தது, அதனால் திரும்பவும் 'லெச்சிமி', பின்னால் அப்பா பெயர். மகனோ கம்பனி பதியும்போது, அம்மா பெயர் அழகாக இருக்கட்டும் என்று 'லக்ஷ்மி' என்று போட்டு, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவனுடைய அப்பா பெயரைப் போட்டிருக்கிறான். அங்கே கணவன் பெயர்தானே போடுவார்கள் என்று நினைத்தானாம். படித்த பிள்ளை செய்த வேலை.

"முந்தி வேற பேர் ஏதாவது பாவிச்சனீங்களோ அன்ரி?" என்று படிவத்தில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவித்தது நானா மகள், எழுதினவங்க எழுதினாங்க, நான் சுமந்தேன் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப இதைத்தான் முதல்ல சரிக்கட்டுவம்" என்றாள். இரண்டு பக்கமும் ஒரே பெயர் இல்லாவிட்டால் சரிபார்த்து முடிந்ததும் வரும் தனிக் 'கோட்' இலக்கத்தைப் பெயரோடு இணைக்கும் இடத்தில் சிக்கல் வரும் என்று சொல்லி, பணிப்பாளர் விபரம் மாற்றும் படிவத்தை மகனைக் கொண்டு இணையத்தில் நிரப்ப வைத்தாள். சிஎச் 01 என்று அதற்குப் பெயர். பங்குக்காரர் என்ற முறையில் என் பெயர் இன்னோரிடத்தில் இருக்கிறதாம், அதற்கு இன்னொரு படிவம், அதையும் போட்டார்கள். இப்போது இங்கிலாந்துப் பதிவேட்டில் நான் லெச்சிமி. பார்க்கக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் அப்பா சொன்ன பெயர் அது.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பதிவுப் பிரஜை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியான எங்கள் மலையக ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1949இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் மனுப்போட்டுக் கிடைத்தது. அந்தச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில், துணியில் சுற்றி, நப்தலின் உருண்டையோடு இருக்கும். வீடு இடிந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பிள்ளைகள் ஆறு பேருக்கும் சொல்லி வைத்திருந்தார். பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அதனால் "ஆவணம் ஒன்று காட்டவும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிற்றில் ஒரு பிசை பிசையும். 63 வயதாகிவிட்டது, நின்றபாடில்லை. அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதை தெரிய நியாயமில்லை. ஆனாலும் பெயரில் கைவைத்த விதத்தில் ஒரு பொறுமை இருந்தது. அதற்குத்தான் ஏழில் நான்கு மார்க்.

முகவரிக்கு வருவோம். கரண்ட் பில் கேட்டாள். பில் இன்னமும் என் காலஞ்சென்ற கணவர் பெயரில்தான் வருகிறது. எந்த வீட்டில்தான் மாற்றினார்கள்? வங்கிக் கணக்கு அறிக்கையை முத்திரை குத்தி வாங்கி, சந்தியில் இருக்கும் கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, ஸ்கேன் கருவியால் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும்போது கம்பனீஸ் ஹவுஸுக்கு அந்த பாஸ்போர்ட் ஒன்றே போதும் என்று. முகவரி அத்தாட்சி, பணச் சலவைத் தடுப்புச் சட்டத்துக்காக அந்த அலுவலகம் தன் கோப்பில் வைத்துக்கொள்ளக் கேட்பது. கேட்பது நியாயம்தான், முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்கலாம். வீட்டு முகவரி வெளியே தெரியாது என்றும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பதிவேட்டில் ஊருக்குத் தெரிவது பெயர், பிறந்த மாதமும் வருடமும், எந்த நாட்டுப் பிரஜை, எந்த நாட்டில் இருக்கிறோம், தொடர்புக்குக் கொடுத்த முகவரி, இப்படியானவைதான்.

இன்னொன்று, மின்னஞ்சல். மகனுடையதைக் கொடுக்கிறேன் என்றேன். "உங்கட சொந்த ஈமெயில் வேணும் அன்ரி" என்று ஒரே பிடி. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் திறந்த ஒன்று இருந்தது, பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும். புதிதாக ஒன்று திறக்கக் கொமினிகேஷன் பையனுக்கு 200 ரூபாய். அவன் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவன், காசை வாங்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் நடித்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்ய நவம்பர் 28, வெள்ளிக்கிழமை என்று நேரம் குறித்தோம். டித்வா புயல் வந்த நாள். மலைநாட்டுக்கு அந்த வாரம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். மண்சரிவு, பாதையில்லை, ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. எங்களுக்குக் கரண்ட்டும் சிக்னலும் ஆறு நாள் இல்லை. எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைச் சொல்லவே கூச்சமாக இருந்த நாட்கள். சிக்னல் வந்ததும் அந்தப் பிள்ளையிடமிருந்து ஏழு செய்திகள் இறங்கின. ஒன்றிலும் பாஸ்போர்ட் பற்றிப் பேச்சில்லை. "அன்ரி, இருக்கிறீங்களோ?" "அன்ரி, ஒரு வார்த்தை போடுங்கோ." சேவை விமர்சனத்தில் இதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 9 காலை ஸ்கேன் செய்தோம். தொலைபேசிக்கு ஒரு இணைப்பு வரும், திறந்தால் கமரா. இது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் பளபளவென்று ஒரு தாள் ஒட்டியிருக்கும் அல்லவா, மேலே இருக்கும் பல்ப் அதில் சந்திரன் மாதிரி விழுகிறது. விழுந்தால் நிராகரிக்கிறது. பல்பை அணைத்தேன், இருட்டு என்கிறது. கடைசியில் மேசையை ஜன்னலோரம் இழுத்து, கறுப்புக் குடையை விரித்துப் போட்டு அதன் மேல் பாஸ்போர்ட்டை வைத்தேன். பனி மூட்டத்தின் வெளிச்சம் இதற்கு மிகவும் பொருத்தம், வெயிலடிக்கும் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ. பக்கம் சுருளாமல் இருக்க விரலால் அழுத்தினேன். கீழே அம்புக்குறி மாதிரி வரிசையாக ஓடும் இரண்டு வரிகள் இருக்கின்றனவே, அதைத்தான் இயந்திரம் வாசிக்கிறதாம், என் பெருவிரல் சரியாக அதன் மேல்.

நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. அப்புறம் முகம். வட்டத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறது. கண்ணாடி போட்டால் ஜன்னல் அதில் தெரிகிறது, கழற்றச் சொல்கிறது. கழற்றினால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "டீச்சர், கிட்ட வரச் சொல்லுது." "டீச்சர், சிரிக்க வேணாமாம்." ஒரு வழியாகப் பச்சை நிறச் சரி விழுந்தது. லண்டனில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். அந்தப் பிள்ளை அரைத் தூக்கத்தில் மறுமுனையில் இருந்தாள். அதற்கும் ஒரு மார்க்.

மூன்று நாள் கழித்துக் கம்பனீஸ் ஹவுஸிலிருந்தே மின்னஞ்சல் வந்தது, தேவையற்ற அஞ்சல் பெட்டிக்குள் போய் விழுந்து. அதில் என் தனிக் கோட், எழுத்தும் இலக்கமுமாக 11. அது கம்பனிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். எத்தனை கம்பனியில் இருந்தாலும் அதே கோட்தான், கண்டவரிடமும் கொடுக்கக் கூடாது. "எல்லாம் முடிஞ்சுது அன்ரி" என்று அந்தப் பிள்ளை ஒரு பூங்கொத்துப் படம் போட்டாள். நானும் நன்றி சொல்லிவிட்டுக் கறுவா ஒரு பக்கெட் அனுப்பச் சொல்லி மகனிடம் சொன்னேன்.

முடியவில்லை! இங்கேதான் இரண்டு மார்க் போகிறது. கோட் கிடைப்பது பாதி வேலை. அதைப் பதிவேட்டில் என் பெயரோடு இணைக்க வேண்டும். பணிப்பாளர் என்ற முறையில், வருடாந்த அறிக்கை போடும்போது மகன் என் கோட்டைக் கொடுத்தான், அது சரி. ஆனால் எனக்கு 40 பங்கு இருக்கிறது. நூற்றுக்கு 25க்கு மேல் பங்கு இருந்தால் கம்பனியில் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உள்ளவர் என்று இன்னொரு தொப்பி தலையில் ஏறுகிறது. அந்தத் தொப்பிக்கும் அதே கோட்டைத் தனியாக ஒரு தடவை கொடுக்க வேண்டும். அதற்கு அறிக்கைத் தேதியிலிருந்து 14 நாள்தான். இதை அந்த அலுவலகத்தில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. மகன் தற்செயலாகத் தளத்துக்குள் போய், என் பெயருக்கு நேரே இன்னும் நிலுவை என்று இருப்பதைப் பார்த்தது ஜனவரி 14. பதினோராவது நாள். நான் அப்போது பொங்கலுக்குப் பானை வாங்க பஜாரில் நிற்கிறேன். கோட் எழுதி வைத்த கொப்பி வீட்டில். ஆட்டோ பிடித்து வந்து, மூச்சு வாங்க வாங்க 11 எழுத்தையும் வாசித்தேன். இணைத்துவிட்டான்.

கேட்டதற்கு அந்தப் பிள்ளை உண்மையிலேயே வருந்தினாள். இணைப்பது வாடிக்கையாளர் வேலை, எங்கள் கட்டணத்தில் அது இல்லை என்று மேலே இருப்பவர் சொன்னாராம். இருக்கட்டும். செய்ய வேண்டாம், சொல்லியாவது இருக்கலாமே? பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறவர், இரண்டாம் பகுதி என்று ஒன்று இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவாரா? என்னைப் போல இரண்டு தொப்பியும் போட்டவர்கள் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

75 பவுண் தகுமா என்றால், சிப் உள்ள பாஸ்போர்ட் இருப்பவர்களுக்குத் தேவையே இல்லை, இலவசமாகச் செய்யுங்கள். இங்கே இருந்துகொண்டு பிள்ளைகளின் கம்பனியில் பெயர் மட்டும் இருக்கும் அம்மா அப்பாமாருக்கு, அதிலும் நாலு கடதாசியில் நாலு பெயர் உள்ளவர்களுக்கு, தகும். ஆனால் போன் எடுக்க முதல் பாஸ்போர்ட்டையும் பதிவேட்டில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். இரண்டாவது தொப்பியைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள்.

கடைசி மார்க், தமிழ்த் தாள். ஆரம்பத்தில் "தமிழிலும் வழிகாட்டி உண்டு" என்று பெருமையாக ஒரு தாள் அனுப்பினார்கள். ஏதோ இயந்திரத்தில் போட்டு எடுத்தது. கம்பனீஸ் ஹவுஸ் அதில் 'நிறுவனங்களின் வீடு' ஆகியிருந்தது. 'உங்கள் வீட்டில் நிறுவனங்களைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி, நான் உண்மையிலேயே கட்டிலுக்குக் கீழே பார்த்திருப்பேன். இரண்டாவது தொப்பி பற்றியும் அதில் ஒரு வாக்கியம் இருந்திருக்கிறது, இப்போது எடுத்துப் பார்க்கும்போதுதான் புரிகிறது: 'கணிசமான கட்டுப்பாடு கொண்ட நபர் தன்னைத் தனியே வழங்குக.' யாருக்குப் புரியும்?

பொங்கல் முடிந்த வாரம் அந்தத் தாளை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் முழுக்கத் திருத்தி, ஓரத்தில் விளக்கமும் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். 31 பிழை. இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை. கறுவா கிடைத்ததாக மட்டும் சொன்னாள்.